தாய்மாமன் தேடிய பெயர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதம். புதுக்கோட்டை அப்போது தனி மாவட்டம் இல்லை, திருச்சி ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. டவுனில் ஓர் அச்சகத்தில் நான் புரூப் திருத்துகிற வேலையில் இருந்தேன். இருபத்து நாலு வயது. உடம்பில் சதை கிடையாது, இருந்ததெல்லாம் கர்வம்தான்.

அந்தக் கர்வத்துக்குக் காரணமும் இருந்தது. கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், கல்யாண வாழ்த்து, எது வந்தாலும் அதிலுள்ள பிழை என் கண்ணுக்குத் தப்பாது. ஒரு தமிழ்ப் பண்டிதர் எழுதிக் கொடுத்த வாழ்த்துப்பாவில் ஓர் அடி குறைகிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அவர் அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். அதையும் ஒரு பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர், "தம்பி கண்ணு கண்ணு இல்லீங்க, சல்லடை!" என்பார். அவர் கேலி செய்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அந்த ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் அப்பா எனக்குப் பத்து வயதிருக்கும்போதே காலமாகிவிட்டார். தங்கைக்கு அப்போது மூன்று வயது. ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் தாய்மாமன் மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து, அம்மா, நான், தங்கை மூவரையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் படித்து முடித்து வேலைக்கு வரும்வரை அவர் வீட்டில்தான் சாப்பாடு, அவர் தோளில்தான் விளையாட்டு. அத்தையும் ஒரு நாள் ஒரு பொழுது முகம் சுளித்ததில்லை. எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் திருக்கோகர்ணத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து நாங்கள் மூன்று பேரும் வந்து சேர்ந்தோம்.

கல்யாணப் பத்திரிகையை நானே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் அடிக்கிற மாதிரி ஊர்ப் பொதுப் பத்திரிகையா அடிப்பது? நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன். முதலில் எழுதியதில் மாமா பெயர் இருந்தது. சும்மா இல்லை, 'எங்களைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வளர்த்த' என்று தொடங்கி ஒன்றரை வரிக்கு அடைமொழி. அது நடுவில் வந்து தடுக்கிக்கொண்டு நின்றது. சரி, இதை எடுத்துக் கீழே பெரியவர்கள் வரிசையில் தனியாக, எடுப்பாகப் போடலாம் என்று கோடு கிழித்து அடித்துவிட்டேன். பிறகு வேறு தாளில் நல்லபடியாக எழுதினேன். கீழே போடவில்லை. ஆனால் போட்டுவிட்டதாக என் மனசு முடிவு கட்டிவிட்டது. இப்போது விவரமாகச் சொல்கிறேனே தவிர, அன்றைக்கு இது ஒன்றும் எனக்குத் தெரியாது.

தாளை மடித்துப் பைக்குள் வைக்கும்போது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னய்யா எழுதியிருக்க? ஒரு தடவ வாசிச்சுக் காட்டேன், கேப்போம்" என்றாள். அம்மாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது. "ஒனக்கு என்னத்தா புரியும்? இதெல்லாம் எலக்கியத் தமிழு. அச்சாகி வரட்டும், வாசிச்சுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அம்மா சிரித்துக்கொண்டே உலைப்பானையைப் பார்க்கப் போய்விட்டாள்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதிக் கொடுத்ததை ஒருவர் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் அச்சடித்த புரூப்பில் விரல் வைத்துக்கொண்டே வருவார். வாய் ஒன்று, கண் ஒன்று. எழுதினவரே தனியாக உட்கார்ந்து திருத்துவதை எங்கள் முதலாளி ஒப்பவே மாட்டார். அன்று எழுத்துக் கோக்கிறவர், "வாங்க தம்பி, நான் வாசிக்கிறேன், நீங்க பாருங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான், "எழுதுனதே நாந்தானுங்க, மனப்பாடமா இருக்கு. எனக்கு எதுக்குத் தொணை?" என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

தனியாக உட்கார்ந்து ஆறு முறை பார்த்தேன். ஒற்று, புள்ளி, கால், கொம்பு என்று சலித்து எடுத்தேன். தலைகீழாக நின்ற ஓர் எழுத்தைக்கூடக் கண்டுபிடித்தேன். முந்நூறு பத்திரிகை அச்சாகி வந்தபோது நாலு மூலையிலும் மஞ்சள் தடவியபடி அதை எத்தனை தரம் பார்த்து ரசித்திருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொன்னது மறந்தே போயிற்று.

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. அதுதானே முறை. நானும் அம்மாவும் தாம்பூலத் தட்டோடு மாமா ஊருக்குப் போனோம். மாமா வயலுக்குப் போயிருந்தார். அத்தைதான் இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நான்தான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன்.

நான்காம் நாள் சந்தைக்கு வந்த மாமா ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பையைப் பிரித்தால் நாங்கள் கொடுத்த பத்திரிகை, அதே வெற்றிலை, அதே பாக்கு. வெற்றிலை வாடிப்போயிருந்தது. அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கொடுத்த தாம்பூலம் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வராமல் எந்தப் பெண் மணவறைக்கு வருவாள்? மாப்பிள்ளை வீட்டார் என்ன ஏது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? என் தங்கை அழவில்லை. கதவோரம் நின்றுகொண்டு, "மாமா வரலைன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்ண்ணே. நான் ஒக்கார மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதத்தை மாமாதான் செல்லம் கொடுத்து வளர்த்திருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன குறை வைத்தோம் என்று இந்த மனுஷன் இப்படிச் செய்கிறார்? வயலில் வந்து பார்க்கவில்லை என்றா? எவனோ நடுவில் கோள் மூட்டிவிட்டான் என்றே நினைத்தேன். அந்தப் பத்திரிகையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்போதே பஸ் ஏறினேன். அறந்தாங்கியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து, அதற்கப்புறம் கண்மாய்க் கரை வழியாக நடந்து மாமா வீட்டுக்குப் போய்ச் சேர உச்சிப் பொழுது தாண்டிவிட்டது. வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மாமா வாசல் வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "வா" என்று சொல்லவில்லை. அத்தைதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அவளும் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நின்றுகொண்டே கேட்டேன். மாமா கயிற்றைத் திரித்தபடியே, "பத்திரிகையில என்னைய விட்டுட்டீக. விட்ட எடத்துக்கு நான் எப்படி வருவேன்?" என்றார்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சண்டாளன், சிரித்தும் தொலைத்தேன். "யாரு மாமா ஒங்ககிட்ட அப்படிச் சொன்னது? நானே எழுதி, நானே புரூப் பாத்தது. கேளுங்க" என்று பத்திரிகையைப் பிரித்து உரக்க வாசித்தேன். நாள், நட்சத்திரம், பெண், மாப்பிள்ளை எல்லாம் சொல்லி, கீழே வந்து, 'எங்களைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வளர்த்த எங்கள் தாய்மாமன்' என்று மாமா பெயரையும் சேர்த்துத் தங்கு தடையில்லாமல் வாசித்து முடித்தேன். வாசித்துவிட்டு, பார்த்தீர்களா என்பதுபோல் அவரைப் பார்த்தேன்.

மாமா கயிற்றைக் கீழே வைத்தார். "அது எங்கன இருக்கு? வெரல வச்சுக் காட்டு மாப்ள" என்றார்.

விரலை வைத்தேன். அங்கே வேறு யாருடைய பெயரோ இருந்தது. அடுத்த வரியில் வைத்தேன். இல்லை. மேலே போனேன், கீழே வந்தேன். ஐயோ, அந்தப் பெயர் எங்கேயும் இல்லை! இல்லாத வரியை நான் வாசித்திருக்கிறேன். என் இரண்டு கண்ணும் திறந்திருக்க, தாளில் இல்லாததை என் வாய் வாசித்திருக்கிறது.

மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்கு வாசிக்கத் தெரியாது மாப்ள. ஆனா என் பேரு எனக்குத் தெரியும்" என்றார்.

அந்தப் பெயரை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, பத்திரம் பதிகிற ஆபீசில் கைநாட்டு வைப்பது கூச்சமாக இருக்கிறது என்று அவர் சொல்ல, என் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். ஒரு மாதம் மண்ணிலும் சிலேட்டிலும் எழுதிப் பழகினார். உலகத்திலுள்ள அத்தனை எழுத்துகளில் அவருக்குத் தெரிந்தது அந்த ஐந்து எழுத்து மட்டும்தான்.

அத்தை அதுவரை பொறுத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவளால் முடியவில்லை. "வயல்லேருந்து வந்து காலக்கூடக் கழுவல தம்பி. வெளிச்சத்துக்குக் கொண்டுபோயி, கீழேருந்து மேல வரைக்கும் வெரல வச்சுத் தேடுனாக. தேடிக்கிட்டே இருந்தாக. பின்னால திருப்பிப் பாத்தாக. கடைசியில அந்தக் கவருக்குள்ள இருக்கான்னு அதையும் பிரிச்சுப் பாத்தாக" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கவருக்குள் தேடினார் என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. அவர் காலில் விழுந்தேன். மறந்துவிட்டேன் மாமா, மறந்துவிட்டேன் என்று அரற்றினேன். மறந்தால்கூடப் பரவாயில்லை, ஆறு தடவை பார்த்தும் இவர் இல்லை என்று எனக்குத் தெரியவில்லையே! மாமா என் தோளைத் தொட்டு எழுப்பினார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒங்க ஆத்தாளுக்கு வாசிச்சுக் காட்டுனியா?"

தலையைக் குனிந்துகொண்டேன். "அவ காதுல போட்டிருந்தா அப்பவே புடிச்சிருப்பா. மொதல்ல அவகிட்டப் போயி வாசி, போ" என்றார். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கயிற்றை எடுத்துத் திரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலையில் அம்மாவை எதிரில் உட்கார வைத்து, அதே பத்திரிகையை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தேன். பாதிகூடப் போகவில்லை, அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "எந்த வீட்டுல கல்யாணம்னு சொல்லலையேய்யா?" என்றாள். 'திருக்கோகர்ணம், எங்கள் இல்லத்தில்' என்று இருக்கிறதே என்றேன். "திருக்கோகர்ணம் என்ன ஒரே வீடா? அசலூர்க்காரவுக கோயில் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு எங்கிட்டுப் போறதுன்னு யாருகிட்டக் கேப்பாக?" என்றாள். தெருப் பெயரே போடவில்லை! என் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும், அதனால் உலகத்துக்கே தெரியும் என்று இருந்திருக்கிறேன். முடித்ததும் அம்மா, "எங்கண்ணன் எங்கய்யா?" என்றாள். அந்தக் குரலில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை, அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு முன்னால் அப்படி அழுதது பெரியவனான பிறகு அதுதான் முதல் தடவை.

புதிதாக எழுதினேன். இலக்கியத் தமிழெல்லாம் போயிற்று. எழுதிய ஒவ்வொரு வரியையும் அம்மாவும் தங்கையும் கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரி. அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவரிடம் போய், "நீங்க வாசிங்கண்ணே, நான் பாக்குறேன்" என்றேன். அவர் என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. "வாங்க சல்லடை" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

அதற்குள் முதல் பத்திரிகை நூற்றைம்பது வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. ஒவ்வொரு வீடாகத் திரும்பப் போனேன். சும்மா மாற்றிக் கொடுத்துவிட்டு வரவில்லை, வாசலில் நின்று புதுப் பத்திரிகையை முழுக்க வாசித்துவிட்டு, முந்தியதில் எங்கள் மாமா பெயர் என் தப்பால் விட்டுப்போயிற்று என்று என் வாயால் சொன்னேன். அம்மா சொல்லிச் செய்ததில்லை, அப்படிச் செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று தோன்றியது. "என்னப்பா, பத்திரிகை ரெண்டு வருது, பொண்ணும் ரெண்டா?" என்று கேலி செய்தார்கள். "அச்சாபீசுக்காரன் வீட்டுப் பத்திரிகையே இந்த லட்சணமா?" என்றார்கள். ஒரு வீட்டில், "தாய்மாமனோட சண்டை போலிருக்குன்னு நாங்க பேசிக்கிட்டோம்" என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டிலும் அதே பேச்சு ஓடியிருக்கிறது, மரியாதைக்காகக் கேட்காமல் இருந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது அம்மாவோடு மறுபடி மாமா வீட்டுக்குப் போனேன். புது வெற்றிலை, புதுப் பாக்கு. மாமா வீட்டில் இருந்தார். தட்டை நீட்டினேன். வாங்கவில்லை. பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் வாசிக்க வாயெடுத்தேன், வேண்டாம் என்று கையால் அமர்த்திவிட்டு வெளிச்சத்துக்குப் போனார்.

கடைசி வரியில் விரலை வைத்தார். உற்றார் உறவினர் பெயரெல்லாம் அங்கேதானே வரும்? மெதுவாக நகர்த்தினார். இல்லை. அதற்கு மேல் வரி. இல்லை. அவர் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. "மாமா, மேல..." என்று ஆரம்பித்தேன், அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விரல் நாளைத் தாண்டியது, பெண் பெயரைத் தாண்டியது, மாப்பிள்ளை பெயரைத் தாண்டியது. பத்திரிகையின் முதல் வரிக்குப் போய் நின்றது. இந்த முறை அழைப்பதே அவர்தான். அவர் பெயரைச் சொல்லித்தான் பத்திரிகையே தொடங்கியது.

ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு, "அடேயப்பா! இம்புட்டு ஒசரத்துல கொண்டாந்து போட்டுட்டியே மாப்ள! கீழ எங்கிட்டாச்சும் கெடக்கும்னுல்ல நான் தேடுறேன்" என்றார். அத்தை பின்னால் நின்று விசும்பினாள். மாமா தாம்பூலத் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எப்ப வண்டி கட்டணும்னு கேளு" என்று அத்தையிடம் அதட்டினார். கல்யாணத்தன்று என் தங்கையின் கையைப் பிடித்து அவர் அழைத்து வந்ததையும், அவள் அழுது அவர் துண்டையெல்லாம் நனைத்ததையும் இன்னொரு சமயம் சொல்லலாம், அது தனிக் கதை.

மாமா, அத்தை, அம்மா எல்லோரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. எனக்கு இப்போது கண்ணாடி இல்லாமல் எழுத்தே தெரிவதில்லை. ஆனாலும் ஒரு தபால் எழுதினால்கூட ஒரு ராத்திரி ஆறப்போட்டு, மறுநாள் வீட்டில் யாரையாவது உட்கார வைத்து உரக்க வாசித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். இதையும் அப்படித்தான் என் மனைவிக்கு வாசித்தேன், அவள் இரண்டு இடத்தில் நிறுத்தினாள். கடைசியாக ஒரு தரம் நானே கீழ்வரியில் விரல் வைத்து மேலே மேலே போவேன். அப்படிப் போகும்போது எழுதினவன் நான் என்பது மறந்துவிடும், தன் பெயர் இதில் எங்காவது இருக்காதா என்று ஒரு மனுஷர் தேடிக்கொண்டு போவது மட்டும்தான் எனக்குத் தெரியும்.